ஏராவும் ஆழ்கடலும்: கலம் தேரும் அறிவும் 'அன்னபூரணி அம்மாள்' கப்பலும்

முன்னுரை

மலேசியத் தமிழர் வரலாற்றில் கடல் பெரும்பாலும் ஒரு வழியாக மட்டுமே இடம்பெற்று வந்துள்ளது. நாகப்பட்டினத்தில் கப்பலேறிய மக்கள் பினாங்கிலும் கிள்ளானிலும் இறங்கினர். பின்னர்க் கெர்லிங், கோலக்குபு பாரு, கோல சிலாங்கூர் முதலிய வட்டாரங்களின் இரப்பர்த் தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். இச்செய்தியைக் கூறும் நூல்களில் கடல் ஒரு வாக்கியத்தோடு முடிந்துவிடுகிறது. மற்றொரு பக்கம், முதலாம் இராசேந்திரன் 1025ஆம் ஆண்டளவில் கடாரத்தின்மீது மேற்கொண்ட படையெடுப்பு நம் பாடநூல்களில் பெருமிதத்துடன் பேசப்படுகிறது. இவ்விரண்டு நிகழ்ச்சிகளுக்கும் இடையே ஏறத்தாழ ஒன்பது நூற்றாண்டுகள் கிடக்கின்றன. அக்காலமெல்லாம் தமிழர் எத்தகைய கலங்களில் சென்றனர், அவற்றை யார் கட்டினர், எந்த மரத்தை எதற்குத் தேர்ந்தனர், ஆழ்கடலுக்கு ஏற்ற கலம் இதுவென எவ்வாறு முடிவு செய்தனர் என்னும் வினாக்கள் நம்மிடையே அரிதாகவே எழுப்பப்படுகின்றன.

இக்கட்டுரை அவ்வினாக்களுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறது. நெடுங்கடற் பயணத்திற்கு மரபுவழிக் கலம் ஒன்றைத் தேர்வதற்கு எவ்வகை அறிவு வேண்டும்? அவ்வறிவு தமிழரிடையே அண்மைக் காலம்வரை உயிர்ப்புடன் இருந்தது என்பதற்குச் சான்று யாது? இதற்கு விடையாக, யாழ்ப்பாணக் குடாநாட்டின் வல்வெட்டித்துறையில் 1930இல் கட்டப்பட்டு, 1937-1938இல் அமெரிக்காவுக்குச் செலுத்தப்பட்ட 'அன்னபூரணி அம்மாள்' என்னும் பாய்க்கப்பலின் வரலாறு இங்கு ஆராயப்படுகிறது. தெளிவு கருதி, உலகின் பிற பகுதிகளில் நிகழ்ந்த சில தேர்வுகளும் அதனுடன் ஒப்பிடப்படுகின்றன.

ஏரா: சொல்லும் பொருளும்

மரக்கலம் ஒன்றின் அடியில் முன்னிருந்து பின்வரை ஓடும் முதுகெலும்பு போன்ற மரத்தைத் தமிழ்த் தச்சர்கள் 'ஏரா' என வழங்கினர். கலங்கட்டும் தொழில் ஏரா வைப்பதிலிருந்தே தொடங்குகிறது. ஏராவின் மேல் வங்குகள் எனப்படும் விலா மரங்கள் நிற்கும். வங்குகளின்மேல் பலகைகள் பொருத்தப்படும். முன்பகுதியாகிய அணியமும், சுக்கானைத் தாங்கும் பின்பகுதியும் ஏராவின் இரு முனைகளிலிருந்தே எழுகின்றன. இவ்வாறு கலத்தின் முழுநீளமும் ஓடும் அடிமரத்தையே இக்கட்டுரை 'முழுநீள ஏரா' எனக் குறிக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உல்லாசப் பாய்மரப் படகுகளில் பரவிய வடிவம் இதனின்று வேறானது. அதில் அடிப்பகுதியின் நடுவில் மீனின் சிறகு போன்ற குறுகிய தகடு ஒன்று மட்டும் ஆழமாக இறங்கி நிற்கும். சுக்கான் அதனின்று பிரிந்து பின்னால் தொங்கும்.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு வெறும் தோற்றத்தைப் பொறுத்ததன்று. பக்கக் காற்றில் பாய் விரிக்கும்போது காற்று கலத்தை முன்னோக்கித் தள்ளுவதோடு பக்கவாட்டிலும் தள்ளுகிறது. அப்பக்கத் தள்ளலை நீருக்குள் அமிழ்ந்திருக்கும் ஏரா எதிர்த்து நிற்கிறது. நீண்ட ஏரா உடைய கலம் திசை மாறாமல் தன் வழியே செல்லும்; சுக்கானைக் கட்டிவிட்டு மாலுமி ஓய்வெடுக்கவும் இடந்தரும். கடும் புயலில் பாயைச் சுருக்கி, கலத்தை ஏறத்தாழ நிறுத்திவைத்துக் காற்று தணியும்வரை காத்திருப்பதற்கும் அது துணைசெய்யும். சுக்கான் ஏராவின் பின்முனையோடு இணைந்திருப்பதால் மிதக்கும் கட்டையோ மணல்திட்டோ மோதினாலும் எளிதில் உடையாது. இந்நன்மைகளுக்கு விலையும் உண்டு. இத்தகைய கலம் விரைவாகத் திரும்பாது. நீருரசும் பரப்பு மிகுதியாதலால் மென்காற்றில் மெதுவாகவே செல்லும். எதிர்க்காற்றை நோக்கி ஏறிச்செல்வதில் புதுவகைக் கலத்திற்குப் பின்தங்கும். எனவே கலம் தேர்தல் என்பது விரைவுக்கும் நம்பகத்திற்கும் இடையே முடிவெடுக்கும் செயல் எனலாம்.

இங்குச் சொல் வழக்கு பற்றியும் ஒரு கருத்தைக் குறிப்பிடுதல் வேண்டும். தமிழ்க் கப்பற்றொழிலின் சொற்கள் பலமொழிக் கலப்புடையன. சுக்கான் அரபுச் சொல். நங்கூரம் பாரசீகத் தொடர்புடையது. மாலுமி என்பதும் அரபு மொழியில் ஆசான், வழிகாட்டி எனப் பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. மலாய் மொழியில் கப்பலின் வழிகாட்டியைக் குறிக்கும் 'மாலிம்' என்னும் சொல்லும் அதே மூலத்தின் கிளையே. கெர்லிங்கிற்கு வடக்கே உள்ள தஞ்சோங் மாலிம் என்னும் ஊர்ப்பெயரில் இச்சொல்லை நாம் நாள்தோறும் ஒலிக்கிறோம். மறுபுறம், மலாய் மொழியின் 'காப்பால்' தமிழ்க் கப்பலிலிருந்து சென்றது என்பது அறிஞர் பலரும் ஏற்றுக்கொண்ட கருத்தாகும். தூய மரபு எனத் தனித்து நிற்பது கடலில் எதுவும் இல்லை. கலம் கட்டியோரும் செலுத்தியோரும் துறைதோறும் கற்றும் கற்பித்தும் வந்தனர் என்பதையே இச்சொற்கள் காட்டுகின்றன.

கலம் தேர்தல்: பழைய சான்றுகள்

கடலுக்கேற்பக் கலத்தைத் தேரும் வழக்கம் தமிழகக் கரையில் மிகப் பழையது. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்க நூலாகிய 'எரித்திரைக் கடற் பெரிப்ளூஸ்' சோழமண்டலக் கரையின் துறைகளைக் கூறுமிடத்து, அங்கு வழங்கிய கலங்களை வகைப்படுத்திக் காட்டுகிறது. கரையோரமாகச் செல்பவை ஒருவகை; மரங்களை ஒன்றாகப் பிணைத்துச் செய்த 'சங்கரா' மற்றொரு வகை; கங்கைக்கும் பொன்னாடு எனப்பட்ட கீழைத் தேயத்திற்கும் செல்லும் மிகப் பெரிய 'கொலாந்தியா' பிறிதொரு வகை. பயணத்தின் தொலைவே கலத்தின் வகையை முடிவு செய்தது என்பது இதனால் பெறப்படும். தமிழ் நிகண்டுகள் தரும் நாவாய், வங்கம், தோணி, அம்பி, பஃறி, திமில் முதலான பெயர்களும் இக்கருத்துக்கு அரண் செய்கின்றன. பொருள் ஒன்றாயின் இத்தனை பெயர்கள் வழக்கில் நிலைபெற்றிருத்தல் அரிது.

கலங்கட்டும் முறை பற்றித் தமிழில் எழுத்துவடிவ நூல்களும் உள்ளன. 'கப்பல் சாத்திரம்' என்னும் ஏட்டுச்சுவடி 1950இல் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தின் வழி அச்சாயிற்று. 'நாவாய் சாத்திரம்' என்னும் பிறிதொரு நூலும் உண்டு. இவை இக்காலப் பொறியியல் நூல்கள் போன்றன அல்ல. மரத்தின் சுழிகளுக்கும் அளவுகளுக்கும் நன்மை தீமை கூறும் சோதிடப் பகுதிகள் அவற்றில் மிகுதி. ஆயினும் ஏராவின் நீளத்தையும் மரத்தின் குறைகளையும் அவை முதன்மைப்படுத்துவது கருதத்தக்கது. ஏரா மரத்தில் சுழியோ பிளவோ இருப்பின் கலம் கெடும் என்னும் விதியில் நிமித்தமும் உண்டு, தொழில் அனுபவமும் உண்டு. ஒன்றை நீக்கி மற்றொன்றை எடுக்கும் பொறுப்பு ஆய்வாளருடையது.

இதற்கு மாறாக, இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி வென்ற ஊர்களை வரிசைப்படுத்துகிறதேயன்றிக் கலங்களின் கட்டமைப்பைப் பேசவில்லை. கப்பலின் பெருமையை அறிய மெய்க்கீர்த்தி உதவும்; கப்பலை அறிய அது போதாது.

கரையின் இயல்பும் ஏராவின் ஆழமும்

கலத்தின் அடிவடிவை முதலில் முடிவு செய்வது கரையே. கெர்லிங் ஆறு சிலாங்கூர் ஆற்றில் கலக்கிறது. சிலாங்கூர் ஆறு கோல சிலாங்கூரில் மலாக்கா நீரிணையை அடைகிறது. அம்முகத்துவாரம் சேறும் கண்டல் காடும் நிறைந்தது. நீர் வற்றும்போது பரந்த சேற்றுவெளி தோன்றும். இத்தகைய கரையில் ஆழமான ஏரா உடைய கலம் ஏற்றநீரை எதிர்பார்த்தே உள்ளே வரவும் வெளியேறவும் முடியும். ஆகவே மேற்குக்கரையின் ஆறுகளில் சரக்கேற்றிய தொங்காங் வகைக் கலங்கள் அகன்ற, ஆழம் குறைந்த அடியைக் கொண்டிருந்தன.

பாக்கு நீரிணையின் நிலையும் இதனை ஒத்ததே. ஆதம் பாலத்திற்கு வடக்கே கடல் ஆழமற்றது. எனவே அங்குக் கரையோரப் போக்குவரத்துக்குத் தட்டையான அடியுடைய தோணிகள் எழுந்தன. சென்னை மாகாண மீன்வளத் துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னல் 1920இல் வெளியிட்ட இந்தியப் படகு வடிவங்கள் பற்றிய ஆய்வில் இப்பகுதியின் கலங்களுக்குத் தனியிடம் தந்துள்ளார். ஆனால் வல்வெட்டித்துறை குடாநாட்டின் வடகரையில், வங்காள விரிகுடாவை நோக்கி இருக்கிறது. அவ்வூரார் நாகப்பட்டினம், தூத்துக்குடி ஆகிய அண்மைத் துறைகளுக்கு மட்டுமன்றி இரங்கூன் முதலிய பருமியத் துறைகளுக்கும் சென்று அரிசியும் தேக்கும் ஏற்றி வந்தனர். வாடைக்காற்றையும் சோளகக் காற்றையும் கணித்து விரிகுடாவின் குறுக்கே செல்லும் கலத்திற்குத் தட்டையான அடி போதாது. நீண்ட ஏரா வேண்டும். அதே வேளையில் ஆழமற்ற துறைகளிலும் அக்கலம் நுழைய வேண்டும். இவ்விரு தேவைகளுக்கும் இடையே பொருத்தம் காண்பதே வல்வைத் தச்சர்களின் பணியாக இருந்தது.

வல்வெட்டித்துறையும் 'அன்னபூரணி அம்மாளும்'

வல்வெட்டித்துறையில் கப்பல் கட்டுதல், செலுத்துதல், உடைமை கொள்ளுதல் ஆகிய மூன்றும் ஒரே ஊருக்குள் நடைபெற்றன. அவ்வூர்ச் சிவன் கோயில் கப்பலுரிமையாளரான வெங்கடாசலம் பிள்ளையின் முயற்சியால் எழுந்தது என்பதிலிருந்து அத்தொழில் ஊட்டிய செல்வத்தை உணரலாம். கப்பலின் தலைவன் 'தண்டையல்' எனப்பட்டான். தச்சுத்தொழிலின் தலைவர்களை 'மேத்திரியார்' என்றனர். பலகைகளுக்கு இடைப்பட்ட சந்துகளில் பஞ்சும் குங்கிலியமும் எண்ணெயும் இட்டு நீர்புகாது அடைக்கும் வேலை 'கலப்பத்து' எனப்பட்டது. இவ்வேலையின் செம்மையைப் பொறுத்தே கலத்தின் ஆயுள் அமைந்தது.

'அன்னபூரணி அம்மாள்' 1930இல் இவ்வூர்க் கரையில் கட்டப்பட்டது. வேப்பமரத்தால் ஆன அதன் நீளம் 89 அடி. அகலம் 19 அடி. அது பிரிகண்டைன் என்னும் பாய் அமைப்பைக் கொண்டிருந்தது. அதாவது, முன் பாய்மரத்தில் குறுக்குப் பருமல்களில் தொங்கும் சதுரப் பாய்களும், பின் பாய்மரத்தில் நெடுக்காக விரியும் பாயும் அமைந்திருந்தன. இவ்வமைப்பு ஐரோப்பியரிடமிருந்து வந்தது. வல்வையார் அதனை ஏற்றுத் தம் மரத்திற்கும் தம் காற்றுக்கும் ஏற்ப மாற்றிக்கொண்டனர். பருவக்காற்றின் துணையுடன் நெடுந்தொலைவு செல்லும்போது சதுரப் பாய் சிறந்தது. துறையை அணுகுகையில் காற்று மாறினால் நெடுக்குப் பாய் கைகொடுக்கும். ஏறத்தாழப் பாதி ஆண்டு ஒரு திசையிலும் பாதி ஆண்டு எதிர்த்திசையிலும் காற்று வீசும் வங்காள விரிகுடாவிற்கு இதனினும் பொருந்தும் அமைப்பைக் காண்பது கடினம்.

இக்கப்பலை விலைக்கு வாங்கியவர் வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்னும் அமெரிக்கர். அவர் கடலுக்குப் புதியவர் அல்லர். 1928இல் நியூயார்க்கிலிருந்து 'சுவாப்' என்னும் ஏறத்தாழ 32 அடி நீளமுள்ள கெட்ச் வகைப் படகில் புறப்பட்டு, உலகைச் சுற்றி 1931இல் திரும்பியவர். 'சுவாப்' என்பது கனவைக் குறிக்கும் வடமொழிச் சொல்லென அவரே பெயரிட்டிருந்தமை இந்தியவியல் துறையினர்க்குச் சுவை பயப்பதாகும். 1934இல் கலாபகோசுத் தீவுகளில் அவர் கடும் நோயுற்று, அமெரிக்கக் கடற்படையால் மீட்கப்பட்டார். அதன்பின் 'சுவாப்' அவர் கைவிட்டுப் போயிற்று. அடுத்துத் தமக்கெனக் கலம் தேடிய அம்மனிதர் தேர்ந்தது வல்வைத் தச்சர்கள் கட்டிய சரக்குக் கப்பலை.

கப்பலுக்குத் தம் மனைவியின் பெயரால் 'புளோரன்ஸ் சி. ராபின்சன்' என்னும் புதுப்பெயர் இடப்பட்டது. தண்டையல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளையும் வல்வை மாலுமிகள் சிலரும் அதில் பணியாற்றினர். 1937 தொடக்கத்தில் இலங்கையை விட்ட அக்கலம் செங்கடல், சுயெஸ் கால்வாய், மத்தியதரைக் கடல், ஜிப்ரால்டர், பெர்முடா வழியாக 1938 ஆகஸ்டுத் தொடக்கத்தில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் குளோசெஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. பருவக்காற்றுக்காகக் கட்டப்பட்ட கலம் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்தது.

தேர்வின் பொருள்

ராபின்சனின் தேர்வை நாம் எவ்வாறு மதிப்பிடுவது? குளோசெஸ்டர் ஏதோ ஒரு துறைமுகம் அன்று. அமெரிக்காவின் பெயர்பெற்ற ஸ்கூனர் மீன்பிடிக் கலங்களின் தாயகம் அது. அண்மையிலுள்ள எசெக்ஸ் என்னும் ஊர் மரக்கலங்கட்டும் தொழிலுக்குப் புகழ்பெற்றது. அக்கலங்களையெல்லாம் அறிந்த ஒருவர், உலகை ஒருமுறை வலம்வந்த பட்டறிவோடு வந்து, யாழ்ப்பாணக் கரையில் கிடந்த ஒரு கப்பலைத் தேர்கிறார். புகழ்ந்து கூறும் சொற்களைவிட இச்செயல் வலிய சான்றாகும். தம் உயிரையும் பொருளையும் அதன் ஏராவின்மீது வைத்தார் அவர்.

இன்னொன்றும் நோக்கத்தக்கது. ராபின்சன் மாசசூசெட்சில் தாமே ஒரு கப்பல் கட்டும் தளத்தை நிறுவினார். 1938இல் அங்கிருந்து 'சுவிஃப்ட் ஆஃப் இப்சுவிச்' என்னும் ஸ்கூனர் வெளிவந்தது. பின்னர்த் தமக்கெனக் கட்டி 1942இல் நீரில் இறக்கிய 70 அடிக் கலமாகிய 'வருவா'விற்கு அவர் தேர்ந்த பாய் அமைப்பு பிரிகண்டைன் ஆகும். அதற்கு வல்வைக் கப்பலே காரணம் என நாம் முடிவுகட்ட வேண்டுவதில்லை. ஆனால் ஆழ்கடலைத் தேர்ந்து அறிந்த ஒருவர் தம் வாழ்வில் இருமுறை அவ்வமைப்பையே நாடினார் என்பது வல்வைத் தச்சர்களின் கணிப்பு பிழையில்லாதது என்பதைக் காட்டும்.

மூன்று ஒப்பீடுகள்

மரபுவழிக் கலங்கள் எல்லாம் ஆழ்கடலுக்கு ஏற்றவை என்று இதனைக் கொண்டு கூறிவிடலாகாது. பிற தேர்வுகளோடு ஒப்பிடும்போதே உண்மை தெளிவாகும்.

முதலாவது 'ஸ்பிரே'. ஜோசுவா சுலோகம் 1895 முதல் 1898 வரை தனியொருவராக உலகைச் சுற்றிய முதல் மனிதர். அவர் பெற்றது கரையில் கிடந்து உளுத்துப்போன பழைய சிப்பி வாரும் படகு. அதன் நீளம் 36 அடி 9 அங்குலம். புதிய ஓக் மரத்தால் ஏரா வைத்துப் பதின்மூன்று மாதங்கள் தம் கையாலேயே புதுக்கினார்; அதற்கு ஆன செலவு 553 டாலரும் 62 சதமும் எனக் கணக்கு எழுதிவைத்தார். இந்தியப் பெருங்கடலில் கீலிங் தீவுகளை நோக்கிய 23 நாள் ஓட்டத்தில் அவர் சுக்கானருகே நின்ற நேரம் மூன்று மணிக்குள் அடங்கிற்று. நீண்ட ஏராவின் பயனுக்கு இதனினும் தெளிந்த எடுத்துக்காட்டு இல்லை.

இரண்டாவது 'மரி தெரேஸ்'. சைகோனில் வளர்ந்த பிரெஞ்சு மாலுமி பெர்னார் முவாத்தெசியே, சயாம் வளைகுடாவின் மரபுவழி யுங் வகைக் கலமொன்றை வாங்கி, 1952இல் சிங்கப்பூர், மலாக்கா நீரிணை வழியாக இந்தியப் பெருங்கடலில் புகுந்தார். நம் சிலாங்கூர்க் கரைக்கு அப்பால் ஓடிய பயணம் அது. முதிய கலம் ஓயாது நீர் ஊறிற்று. நடுக்கடலில் மூழ்கிச் சந்துகளை அடைக்க வேண்டிய நிலை அவருக்கு நேர்ந்தது. இறுதியில் தியாகோ கார்சியாத் தீவின் பவளப்பாறையில் கலம் உடைந்தது. வடிவம் மரபானதாயினும் மரமும் கலப்பத்தும் தளர்ந்த கலம் ஆழ்கடலுக்கு ஆகாது என்பது இதனால் விளங்கும். அவர் பின்னாளில் தம் எஃகுக் கலத்திற்குச் சுலோகம் நினைவாக 'ஜோசுவா' எனப் பெயரிட்டார். அதுவும் நீண்ட ஏரா உடையதே.

மூன்றாவது 'சுகைலி'. ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் என்னும் ஆங்கிலேயர் 1968 ஜூன் 14 அன்று ஃபால்மத் துறையை விட்டு, எங்கும் நில்லாமல் 312 நாள்களில் தனியே உலகைச் சுற்றி 1969 ஏப்ரல் 22 அன்று திரும்பினார். அவ்வருஞ்செயலை முதன்முதலில் செய்துமுடித்த 32 அடிக் கலம் பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டப்பட்டு 1964இல் நீரில் இறங்கியது. அதன் வரைபடம் நார்வே நாட்டின் கோலின் ஆர்ச்சர் வகுத்த மீட்புப் படகுகளின் வழிவந்தது; அதனை உருவாக்கிய கைகளோ இந்தியத் தச்சர்களுடையவை. வாய்ச்சியும் கைத்துளைப்பானும் அவர்களுடைய கருவிகள். பயணத்தின் தொடக்கத்தில் ஏராவும் முதற்பலகையும் சேரும் சந்தில் நீர் கசிந்தது. நாக்ஸ்-ஜான்ஸ்டன் அட்லாண்டிக்கில் மூழ்கிப் பஞ்சடைத்துச் செப்புத் தகடு பொருத்தினார். கலம் நிலைத்தது. ஏரா சேரும் இடமே மரக்கலத்தின் உயிர்நிலை என்பதை முவாத்தெசியேயும் நாக்ஸ்-ஜான்ஸ்டனும் நீருக்கடியில் அறிந்தனர். நம் தச்சர்கள் அதனைக் கரையிலேயே அறிந்து கலப்பத்துக்கென்று தனித் தொழிலாளரை வைத்திருந்தனர்.

இம்மரபு அருங்காட்சியகத்திற்குப் போய்விடவில்லை. 2018இல் நடைபெற்ற கோல்டன் குளோப் போட்டியின் விதி, 32 முதல் 36 அடி நீளமுள்ள, முழுநீள ஏராவும் அதன் பின்முனையில் இணைந்த சுக்கானும் உடைய பழைய வடிவக் கலங்களையே ஏற்றது. இந்தியக் கடற்படையைச் சார்ந்த அபிலாஷ் டோமி, கோவாவில் கட்டப்பட்ட சுகைலியின் மறுவடிவமான 'துரியா'வில் அதில் கலந்துகொண்டார். தென்னிந்தியப் பெருங்கடலின் புயலில் பாய்மரங்கள் முறிந்து, படுகாயமுற்ற அவர் மீட்கப்பட்டார். 2022-2023 போட்டியில் வேறொரு நீண்ட ஏராக் கலத்தில் சென்று இரண்டாமிடம் பெற்றார். முழுநீள ஏரா உயிருக்கு உறுதியளிப்பதன்று. ஆயினும் தேர்ந்த மாலுமியர் இன்றும் அதனை நம்புகின்றனர் என்பது இங்குக் கருதத்தக்கது.

அண்டையில் உள்ள சான்று

மலேசியாவிலும் இத்தகைய தேர்வு நிகழ்ந்துள்ளது. திரெங்கானுவின் பூலாவ் டூயோங் தச்சர்கள் செங்கால் மரத்தால் 'பெடார்', 'பினாஸ்' என்னும் கலங்களைக் கட்டிவந்தனர். வரைபடம் இன்றி, முதலில் ஏராவையும் பின்னர்ப் பலகைகளையும் மர ஆணிகளால் இணைத்து, பலகைகளுக்கு இடையே கெலாம் மரப்பட்டையை வைத்து, இறுதியில் விலா மரங்களைப் பொருத்துவது அவர்தம் முறை. பினாஸ் என்பது மேலைநாட்டு ஸ்கூனரின் உடலும் யுங் கலத்தின் பாய்களும் கலந்த வடிவம். கிறிஸ்தோப் சுவோபோடா என்னும் ஜெர்மானியர் டூயோங்கில் கட்டுவித்த 'நாகா பெலாங்கி' 1981இல் நீரில் இறங்கிற்று. அவர் அதில் உலகைச் சுற்றி 1998இல் திரும்பினார். ஏராவை மலாய்த் தச்சர் 'லூனாஸ்' என்பர். வல்வையின் ஏராவும் டூயோங்கின் லூனாசும் ஒரே கடலறிவின் இரு பெயர்கள் எனலாம். இரு மரபுகளும் மேலைநாட்டு வடிவை ஏற்றுத் தமதாக்கிக்கொண்டன. இரண்டின் தரத்தையும் புறத்தார் தம் உயிரைப் பணயம் வைத்துச் சோதித்தனர்.

பயணியர் வரலாறும் மாலுமியர் வரலாறும்

இனி வட சிலாங்கூர்த் தோட்டங்களுக்குத் திரும்புவோம். அன்னபூரணி கட்டப்பட்ட அதே காலத்தில் தமிழகத் தொழிலாளர் பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் நிறுவனத்தின் கலங்களில் மலாயாவுக்கு வந்துகொண்டிருந்தனர். 1926இல் கட்டப்பட்ட 'ரஜுலா' அவற்றுள் பெயர்பெற்றது. மேல்தளப் பயணியராக வந்த அவர்களுக்குக் கப்பல் என்பது பிறர் கட்டி, பிறர் செலுத்திய ஒன்று. நாக்ஸ்-ஜான்ஸ்டன் பணியாற்றியதும் இதே நிறுவனத்தில்தான் என்பது வரலாற்றின் பொருத்தங்களுள் ஒன்று. கப்பல் அலுவலராக இருந்த ஒருவர்க்கு இந்தியத் தச்சரின் திறம் தெரிந்திருந்தது. அதே நிறுவனத்தின் தளத்தில் படுத்து வந்தோரின் வழித்தோன்றல்களுக்குத் தம் மொழியில் ஏரா என்னும் சொல் இருப்பது தெரியவில்லை.

மலாயாத் தமிழருள் தோட்டத் தொழிலாளரும், புகைவண்டி நிலையங்களிலும் அலுவலகங்களிலும் பணியாற்றிய யாழ்ப்பாணத்தாரும் தனித்தனிச் சமூகங்களாகவே வாழ்ந்தனர். அவர்தம் வரலாறுகளும் தனித்தனியே எழுதப்பட்டன. அப்பிரிவினால் நேர்ந்த இழப்புகளுள் ஒன்று, வல்வெட்டித்துறையின் கடல் வரலாறு மலேசியத் தமிழ் மாணவரின் பாடத்திற்குள் வராது போனமையாகும். மலாயாப் பல்கலைக்கழக இந்தியவியல் துறைத் தலைவராக விளங்கி, 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாட்டை நடத்திய தனிநாயகம் அடிகள் பிறந்தது கப்பற்றுறையான ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பொன்னில் என்பதை இங்கு நினைவுகூர்தல் தகும். தமிழாய்வை நாடு கடந்த பார்வையில் வைத்த அவர் வழியில், நம் கடல் வரலாற்றையும் நாடு கடந்தே எழுதுதல் வேண்டும்.

வல்வையின் பாய்க்கப்பல்கள் நீராவிக் கலங்களின் போட்டியாலும், 1948க்குப்பின் இந்திய இலங்கை எல்லையில் பெருகிய சுங்க, குடிநுழைவுக் கட்டுப்பாடுகளாலும் மறைந்தன. பின்னர் 1983இல் வெடித்த போர் எஞ்சிய கடல்வாழ்வையும் குலைத்தது. தூத்துக்குடியின் தோணிகள் பாய்களோடு இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை ஓடி, அதன்பின் இயந்திரம் பூட்டிக்கொண்டன. தொழில் மறையும்போது அதன் சொற்கள் முதலில் அகராதிக்குள் ஒடுங்குகின்றன; பின்னர் அகராதியிலும் எவரும் தேடாத சொற்களாகின்றன. அவற்றோடு, எம்மரம் ஏராவுக்கு ஆகும், எச்சந்தில் நீர் ஊறும், எக்காற்றில் எப்பாயைச் சுருக்க வேண்டும் என்னும் அறிவும் போய்விடுகிறது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, ஆழ்கடலுக்குக் கலம் தேர்தல் என்பது பயணத்தின் தொலைவு, கரையின் ஆழம், காற்றின் போக்கு, மரத்தின் தரம், சந்தடைப்பின் செம்மை ஆகியவற்றை ஒருங்கே எண்ணிச் செய்யும் முடிவாகும். முழுநீள ஏரா அம்முடிவின் மையம். இரண்டாவது, இவ்வறிவு தமிழரிடையே இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதிவரை உயிருடன் இருந்தது. அதற்கு அன்னபூரணி அம்மாளின் அட்லாண்டிக் பயணம் ஐயத்திற்கிடமற்ற சான்று. மூன்றாவது, அவ்வறிவு தனித்துத் தோன்றிய ஒன்றன்று. அரபு, ஐரோப்பிய, மலாய்க் கடலோடிகளோடு கொண்டும் கொடுத்தும் வளர்ந்தது.

தமிழரே உலகின் முதல் மாலுமியர் என்னும் வகையான கூற்றுகள் மேடைக்கு உதவலாம், ஆய்வுக்கு உதவா. 89 அடி நீளமும் 19 அடி அகலமும் உடைய ஒரு வேப்பமரக் கலம், இன்ன ஆண்டில் இன்ன ஊரில் கட்டப்பட்டு, இன்ன வழியாக இன்ன துறையை அடைந்தது என்னும் செய்தி அக்கூற்றுகள் அனைத்தினும் வலியது. கடாரப் படையெடுப்பைக் கற்பிக்கும் தமிழாசிரியர் அதனுடன் இக்கப்பலையும் கற்பித்தல் வேண்டும். ஏரா, வங்கு, அணியம், பருமல், கலப்பத்து, தண்டையல் என்னும் சொற்களை லூனாஸ், ஹாலுவான், லாயார் முதலிய மலாய்ச் சொற்களுடன் இணைத்துக் கற்பித்தால், இந்நாட்டு மாணவர்க்கு இரு மொழிகளின் கடலுறவும் ஒருங்கே விளங்கும். கோல சிலாங்கூர் மீன்பிடித் துறையில் கரையேற்றிய படகு ஒன்றின் அடியைக் காட்டி இப்பாடத்தைத் தொடங்கலாம். கெர்லிங்கின் தோட்டப்புறப் பள்ளிப் பிள்ளைகள் தம் முன்னோரைக் கப்பலில் ஏற்றிவரப்பட்டவர்களாக மட்டுமே அறிந்துள்ளனர். அவர்தம் மொழியைப் பேசியோர் கப்பலைக் கட்டினர், செலுத்தினர், உலகின் தேர்ந்த மாலுமி ஒருவர் அதனைத் தமக்கெனத் தேர்ந்தார் என்பதையும் அப்பிள்ளைகள் அறிதல் வேண்டும்.